வோஜ் மலைகளில் சிகரமும் காட்சிமுனையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்சின் கிழக்கு ஓரத்தில், அல்சாஸுக்கும் லொரேனுக்கும் நடுவே வடக்கு தெற்காகப் படுத்திருக்கிறது வோஜ் மலைத்தொடர். அதன் அடிவாரத்தில் குடியிருந்துகொண்டு பல வருடங்களாக அதில் ஏறி இறங்குகிறேன். பார்க்க வரும் நண்பர்களும் உறவினர்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

மிக உயர்ந்த சிகரமே 1,424 மீட்டர்தானாமே. அதற்கா இவ்வளவு தூரம் வர வேண்டும்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். கிரான் பலோன் 1,424 மீட்டர், ஸ்டோர்க்கென்காஃப் 1,366, ஹோனெக் 1,363. அதே நாட்டில் மோன் பிளான் 4,800 மீட்டருக்கு மேல் நிற்கும்போது, எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது சின்ன மலைதான்.

ஆனால் வோஜ் மலையை உயரத்தால் அளந்தால் ஒன்றும் கிடைக்காது. அது காட்டை வைத்து அளக்க வேண்டிய மலை. அடிவாரத்தில் திராட்சைத் தோட்டம். அதைத் தாண்டினால் ஓக்கும் செஸ்நட்டும். இன்னும் மேலே பீச் மரமும் ஊசியிலை மரங்களும் கலந்த இருண்ட காடு. இரண்டு மூன்று மணி நேரம் அந்தக் காட்டுக்குள்ளேயே ஏறுவீர்கள். எதுவும் தெரியாது, மரமும் பாசியும் தண்ணீர் ஓடும் சத்தமும் மட்டும்தான். அப்புறம் மரங்கள் குட்டையாகின்றன. இருபது மீட்டர் நின்ற பீச், உங்கள் தோள் உயரத்துக்கு வந்துவிடும். கிளைகளெல்லாம் ஒரே பக்கமாக, காற்று சீவிவிட்ட மாதிரி. அடிமரம் தரையை விட்டு எழும்பும் இடத்தில் அரிவாள் போல வளைந்திருக்கும். ஒவ்வொரு குளிர்காலமும் சரிவில் மெல்ல நகரும் பனி அழுத்தி அழுத்தி வளைத்தது. அந்தக் குட்டை மரங்களையும் தாண்டி ஓர் அடி வைத்தால், சட்டென்று வானம். மொட்டையான புல்வெளி, காற்று, கீழே ரைன் சமவெளி.

காட்டிலிருந்து வெளியே வரும் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் நான் இந்த மலைகளுக்குப் போகிறேன். காரில் உச்சிவரை போய் இறங்கிப் படம் எடுத்துத் திரும்புகிறவருக்கு அந்த நிமிடம் கிடைப்பதில்லை. கீழே வரும் பதில்களில் நான் மறுபடி மறுபடி நடக்கச் சொல்வது இதனால்தான்.

உச்சியில் ஏன் மரமே இல்லை? அவ்வளவு உயரமும் இல்லையே?

அந்தப் புல்வெளிகளுக்கு ‘ஷோம்’ என்று பெயர். மிகக் காற்றடிக்கும் சில முகடுகளில் இயற்கையாகவே மரம் நிற்காது. மற்ற இடங்களில் நூற்றாண்டுகளாக மாடு மேய்ப்பவர்கள் காட்டை வெட்டி மேய்ச்சல் நிலமாக்கினார்கள். மாடுகள் மேய்வதை நிறுத்தினால் காடு திரும்பி வந்துவிடும்.

மர எல்லையில் கடைசியாக நிற்பது ஊசியிலை மரமல்ல, இலையுதிர்க்கும் பீச். ஆல்ப்ஸில் இதற்கு நேர்மாறு. இங்கே மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்றும் கனத்த பனியும் பீச்சுக்கு ஒத்துப்போகின்றன.

‘பலோன்’ என்றால் பந்து என்றுதானே அர்த்தம்? உருண்டையாக இருப்பதால் வந்த பெயரா?

உருண்டையான மலைமுகடுகளைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஜெர்மன் மொழியில் இதே மலைகளுக்கு ‘பெல்ஷென்’ என்று பெயர். பிரெஞ்சுக்காரர் காதில் அது பலோன் ஆகியிருக்கலாம். ரைனுக்கு அந்தப் பக்கம், ஜெர்மனியின் கருங்காட்டிலும் 1,414 மீட்டரில் ஒரு பெல்ஷென் இருக்கிறது. பகலும் இரவும் சமமாக இருக்கும் நாட்களில் பலோன் தல்சாஸ் உச்சியிலிருந்து பார்த்தால் சூரியன் அந்தப் பெல்ஷெனுக்குப் பின்னாலிருந்து எழும். இதை வைத்து, பழைய கெல்ட் மக்கள் இந்த மலைகளை நாட்காட்டியாகப் பயன்படுத்தினார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். அது ஒரு கருத்து மட்டுமே. சூரியன் எழுவதை நீங்களே போய்ப் பார்க்கலாம்.

வோஜும் கருங்காடும் ஒரு காலத்தில் ஒரே மலை. நடுவில் நிலம் அமிழ்ந்து ரைன் பள்ளத்தாக்கு உண்டானபோது இரண்டாகப் பிரிந்தன. முகட்டில் நின்று எதிர்க்கரையைப் பார்க்கும்போது பிரிந்துபோன மறுபாதியைத்தான் பார்க்கிறீர்கள்.

எனக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எந்தச் சிகரம்?

ஹோனெக். யோசிக்கவே வேண்டாம்.

கிரான் பலோன் அதைவிட உயரம்தான். ஆனால் வோஜ் மலை எப்படி உருவானது என்பதை ஒரே பார்வையில் காட்டுவது ஹோனெக்தான். மேற்கே லொரேன் பக்கம் மெத்தென்று சரியும் புல்வெளியும் காடும். கிழக்கே ஒரு சில அடியில் தரை அறுந்து விழுகிறது. கீழே கிண்ணம் போன்ற பாறைப் பள்ளங்கள், ஒரு சிறிய ஏரி, அதற்கப்பால் மன்ஸ்டர் பள்ளத்தாக்கு. பனி யுகத்தில் மேற்குக் காற்று முகட்டுப் பனியையெல்லாம் அள்ளிக் கிழக்குப் பக்கம் கொட்டியது. அங்கே பனியாறுகள் தேங்கி மலையைக் குடைந்தன. ரைன் பள்ளம் அமிழ்ந்த பக்கமும் அதுவே என்பதால் செங்குத்து இன்னும் கூடியது.

சுலபமான வழி: 1,139 மீட்டரில் இருக்கும் ஷ்லுக்த் கணவாயில் தொடங்கி முகட்டுப் பாதையில் தெற்கே நடந்தால் ஒன்றரை மணி நேரத்தில் உச்சி. ஏற்றம் அதிகமில்லை. உச்சிக்கு அருகே வரை கார் சாலையும் உண்டு, அதனால் கோடை ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் இருக்கும்.

நான் சொல்லும் வழி: அல்சாஸ் சமவெளியில் இருக்கும் கொல்மார் ஊரிலிருந்து சின்ன ரயிலில் ஏறிக் கடைசி நிறுத்தமான மெட்ஸெராலில் இறங்குங்கள். அங்கே உயரம் 480 மீட்டர் அளவுதான். வோர்ம்ஸா பள்ளத்தாக்கு வழியாக ஏற வேண்டும். பனியாறு விட்டுப்போன பாறைக் குவியல்களுக்கு நடுவே போகும் பழைய பாதை. முதலில் ஃபிஷ்போட்லே என்ற ஏரி வரும். அறை மாதிரி சின்னதாக, மூன்று பக்கமும் பாறையும் மரமுமாக அடைத்திருக்கும். இன்னும் மேலே ஷீஸ்ரோத்ரீட் ஏரி. அதற்கு மேல் ஷேஃபெர்தால் கணவாய், அப்புறம் உச்சி. ஏறுவதற்கு மட்டும் மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஏறும் உயரம் சுமார் 900 மீட்டர். இறங்கும்போதுதான் முட்டி வலிக்கும். கைத்தடி இருந்தால் எடுத்து வாருங்கள்.

‘சாந்தியே தெ ரோஷ்’ ஆபத்தான பாதை என்கிறார்களே?

பெயருக்குப் பாறைகளின் பாதை என்று பொருள். ஷ்லுக்த் கணவாயிலிருந்து ஹோனெக்கின் கிழக்குச் சுவரை ஒட்டி ஃபிராங்கெந்தால் பள்ளத்துக்குப் போகிறது. இந்தப் பக்கம் ஜெர்மனியிடம் இருந்த காலத்தில், முதல் உலகப்போருக்குச் சற்று முன், மன்ஸ்டர் மலையேற்றச் சங்கத்தினர் போட்டது. பாறையில் வெட்டிய படிகள், இரும்புக் கைப்பிடிகள், சிறு பாலம் எல்லாம் உண்டு. தூரம் மூன்று கிலோமீட்டர் அளவுதான். ஆனால் ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம் எடுக்கும்.

கயிறு கட்டி ஏறும் பாதை அல்ல இது. நடக்கத் தெரிந்தவர் நடக்கலாம். ஆனால் விழுந்தால் நின்றுகொள்ள இடமில்லாத பகுதிகள் நிஜமாகவே இருக்கின்றன. ஈரமான பாறையில் இறங்காதீர்கள், சாதாரண விளையாட்டு ஷூவில் போகாதீர்கள், சிறு குழந்தைகளைக் கூட்டிப் போகாதீர்கள். உயரம் கண்டால் தலை சுற்றுகிறவருக்கு இந்தப் பாதை வேண்டாம். ஷ்லுக்த்திலிருந்து தொடங்கும் திசையில் போவதே வழக்கம். எதிரே ஆள் வந்தால் ஒதுங்க இடம் தேட வேண்டியிருக்கும். குளிர்காலத்தில் பனிக்கட்டி உறைந்து கிடப்பதால் பாதை மூடியிருக்கும். கோடை தொடங்கியும் சில இடங்களில் பனி கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். பாதை முடிவில் ஃபிராங்கெந்தால் புல்வெளி, பண்ணை உணவகம். அங்கிருந்து ஃபாலிமோன் கணவாய் ஏறி முகட்டு வழியாகத் திரும்பினால் ஒரு நல்ல நாள் நிறைந்துவிடும்.

முகட்டுப் பாதையில் ‘எஃப்’, ‘டி’ என்று எழுதிய கற்கள் இருக்கின்றனவே, அவை என்ன?

எல்லைக்கற்கள். 1871இல் பிரான்ஸ் போரில் தோற்று அல்சாஸை ஜெர்மனியிடம் இழந்தது. 1918 வரை நாட்டின் எல்லை இந்த முகட்டின் மேலேயே ஓடியது. கல்லின் ஒரு முகத்தில் பிரான்ஸுக்கு எஃப், மறுமுகத்தில் ஜெர்மனியின் ‘டாய்ச்லாந்து’ என்ற பெயருக்கு டி.

ஒரு அக்டோபரில் ஷ்லுக்த்துக்கு வடக்கே, தானே என்ற முகட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்தில் மூடுபனி இறங்கிவிட்டது. முன்னால் போட்ட அடி தெரியவில்லை. பாதையை விட்டுப் புல்லுக்குள் போய்விட்டேன் என்று புரிந்ததும் நின்றேன். காலில் ஏதோ தட்டியது. குனிந்து தடவினால் முழங்கால் உயரத்தில் ஒரு கல், மேலே பாசி. விரலால் தேய்த்தேன். ஒரு பக்கம் எஃப் ஆழமாகக் கையில் பட்டது. மறுபக்கம் எழுத்தே இல்லை, உளியால் கொத்திய கரடு மட்டும். போர் முடிந்ததும் பல கற்களில் டி எழுத்தைக் கொத்தி எடுத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கற்கள் முகட்டை ஒட்டி வரிசையாக நிற்கும் என்பது மட்டும் எனக்கு அப்போதே தெரியும். எழுத்திருந்த பக்கத்தை வைத்து மேற்கு எது என்று கணித்தேன். மெதுவாக நடந்து அடுத்த கல்லைக் கண்டுபிடித்தேன், அதற்கடுத்ததையும். அப்படியே கணவாய்க்குத் திரும்பினேன்.

இரண்டு நாட்டைப் பிரிக்க நட்ட கல். அன்றைக்கு நான் அதைத்தான் பிடித்துக்கொண்டு வந்தேன்.

பள்ளிக்கூடங்களைப் பிரான்சில் இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கிய ஜூல் ஃபெரி, மலைக்கு லொரேன் பக்கம் சேன் தியே ஊரில் பிறந்தவர். வோஜின் நீலக் கோட்டைப் பார்த்தபடி தன்னைப் புதைக்க வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டு 1893இல் இறந்தார். ‘வோஜின் நீலக் கோடு’ என்ற சொல் பிரெஞ்சுக்காரர் மனத்தில் நிற்பது அதிலிருந்துதான். லொரேன் பக்கமிருந்து மாலையில் பார்த்தால் மலை உண்மையிலேயே நீலமாகத்தான் இருக்கும்.

அந்த எல்லையில் போர் நடந்த இடத்தைப் பார்க்க முடியுமா?

முடியும். பார்க்கவும் வேண்டும். கிரான் பலோனுக்குத் தென்கிழக்கே ஹார்ட்மான்ஸ்வில்லர்காஃப், 956 மீட்டர். பிரெஞ்சுக்காரர் ‘வியேய் அர்மான்’ என்றும் சொல்வார்கள். சமவெளியை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் முனை என்பதால் 1915 முழுவதும் இரு படைகளும் இந்த உச்சிக்காக மோதின. இது பலமுறை கை மாறியது. ‘மனிதர்களைத் தின்னும் மலை’ என்று சிப்பாய்கள் பெயர் வைத்தார்கள்.

நினைவிடத்தின் நிலவறையில் பெயர் தெரியாத சுமார் 12,000 வீரர்களின் எலும்புகள் கிடக்கின்றன. அதன் மேலே ஏறி உச்சிக்கு நடந்தால் காட்டுக்குள் பதுங்குகுழிகள் இன்னமும் இருக்கின்றன. கான்கிரீட், துருப்பிடித்த கம்பி, ஜெர்மன் பக்கம் ஒழுங்காகக் கட்டிய கல்படிகள். இரு தரப்புக் குழிகளும் சில இடங்களில் பேச்சுக் குரல் கேட்கும் தூரத்தில் இருக்கும். 2017 நவம்பரில் பிரான்ஸ், ஜெர்மனி இரு நாட்டுக் குடியரசுத் தலைவர்களும் சேர்ந்து இங்கே ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார்கள். பாதையை விட்டு விலகாதீர்கள். தரைக்குள் என்ன கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

கிரான் பலோனை நீங்கள் கண்டுகொள்ளவே இல்லையே?

அப்படி இல்லை. உச்சியில் விமானப் போக்குவரத்துக்கான ரேடார், பெரிய வெள்ளைப் பந்து மாதிரி. பக்கத்தில் ‘நீலப் பிசாசுகள்’ என்று அழைக்கப்பட்ட மலைப்படை வீரர்களுக்கான நினைவுச்சின்னம். சாலையிலிருந்து கால் மணி நேர நடையில் போய்விடலாம் என்பதால் அங்கே தனிமை கிடைக்காது. ஆனால் தெற்கே பார்வை திறந்து கிடப்பதில் இதற்கு இணை இல்லை. ஆல்ப்ஸ் பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும்.

ஆல்ப்ஸ் உண்மையிலேயே தெரியுமா?

தெரியும், ஆனால் கோடையில் எதிர்பார்க்காதீர்கள். கோடையில் சமவெளி முழுக்கப் புழுதி கலந்த வெப்ப மூட்டம்.

அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை, காற்றில்லாத நாட்களில் குளிர்ந்த காற்று ரைன் சமவெளியில் தேங்கி, கொல்மாரும் முலூஸும் பகல் முழுக்கச் சாம்பல் நிற மேகத்துக்குக் கீழே கிடக்கும். ஊரில் இருப்பவர்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அன்றைக்குத்தான் கிளம்ப வேண்டும். மலைச்சாலையில் ஏறிக்கொண்டே இருப்பீர்கள், திடீரென்று மேகத்துக்கு மேலே வந்துவிடுவீர்கள். கீழே வெள்ளைக் கடல், அந்தக் கரையில் கருங்காடு தீவு மாதிரி. தெற்கே சுமார் 165 கிலோமீட்டர் தூரத்தில் ஐகர், மோன்க், யுங்ஃப்ராவ் என்று பெர்ன் பகுதிச் சிகரங்கள் வரிசையாக. மிகத் தெளிவான நாளில் 200 கிலோமீட்டருக்கும் அப்பால் மோன் பிளானும். மாலைச் சூரியன் பக்கவாட்டில் விழும்போது பனி இளஞ்சிவப்பாகும். இதைக் கைப்பேசிப் படம் எப்போதும் ஏமாற்றிவிடும், ஒரு சின்னப் பைனாகுலர் கொண்டு போங்கள்.

வானிலை எப்படி? எந்த மாதம் நல்லது?

ஒரு விஷயம் தெரிந்தால் மற்றது புரிந்துவிடும். மேற்கிலிருந்து வரும் மேகங்கள் முகட்டில் மோதி அங்கேயே கொட்டிவிடும். உயர்ந்த பகுதிகளில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டர் மழை. முகட்டைத் தாண்டி இறங்கினால் கொல்மாரில் 600 மில்லிமீட்டர்கூட வருவதில்லை. பிரான்சிலேயே மிகக் காய்ந்த ஊர்களில் ஒன்று அது. அல்சாஸில் திராட்சை விளைவது இந்த மலை மழையை மறைத்து நிற்பதால்தான். ஆகவே கொல்மாரில் வெயில் அடிக்கிறது என்று நம்பி மழைச்சட்டையை விட்டுவிட்டு ஏறாதீர்கள். மேலே பத்துப் பன்னிரண்டு டிகிரி குறைவாகவும் பலத்த காற்றோடும் இருக்கலாம்.

நடப்பதற்கு ஜூன் முதல் அக்டோபர் வரை. எனக்குப் பிடித்தது அக்டோபர் நடுப்பகுதி. பீச் காடு முழுக்கச் செம்பு நிறத்தில் இருக்கும், மேலே புல் பழுத்திருக்கும், கூட்டம் போயிருக்கும்.

குளிர்காலத்தில் முகட்டுச் சாலையின் பெரும்பகுதி நவம்பர் நடுவிலிருந்து வசந்தம் வரை மூடப்படும். ஷ்லுக்த் கணவாய்ச் சாலையை மட்டும் பனி தள்ளித் திறந்து வைப்பார்கள். பனிநடைச் செருப்பில் போகலாம், அழகாக இருக்கும். ஆனால் ஹோனெக்கின் கிழக்கு ஓரத்துக்குப் போகாதீர்கள். காற்று அடித்துக் குவித்த பனி, கீழே எதுவுமில்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தரை என்று நினைத்துக் கால் வைத்தால் அதோடு சேர்ந்து விழ வேண்டியதுதான். இவ்வளவு சின்ன மலையில் பனிச்சரிவா என்று கேட்பார்கள். ஆம், வருகிறது, ஆட்களும் இறந்திருக்கிறார்கள்.

கார் இல்லாமல் போக முடியுமா?

மெட்ஸெராலுக்குக் கொல்மாரிலிருந்து ரயில். ‘தான்’ என்ற ஊர் இருக்கும் பள்ளத்தாக்குக்கு முலூஸிலிருந்து க்ரூத் வரை ரயில். பாரிஸிலிருந்து ஸ்ட்ராஸ்பூருக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம்கூட இல்லை, அங்கிருந்து கொல்மார் அரை மணி. கோடையில் முகட்டுச் சாலையில் பேருந்து ஓடுவதுண்டு, ஆனால் நாளும் நேரமும் வருடத்துக்கு வருடம் மாறும், கிளம்புமுன் பாருங்கள்.

காரில் வருபவர்களுக்கு: ‘ரூத் தே க்ரெத்’ என்ற இந்த முகட்டுச் சாலை முதல் உலகப்போரில் பிரெஞ்சு ராணுவம் போட்டது. ஜெர்மன் பீரங்கிகளின் கண்ணில் படாமலிருக்க முகட்டுக்குச் சற்று மேற்கே மறைவாகப் போட்டார்கள். அதனால்தான் பல இடங்களில் சாலையிலிருந்து அல்சாஸ் தெரிவதில்லை. காரை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கிழக்கே நடங்கள்.

வழி எப்படிக் கண்டுபிடிப்பது? வெள்ளை சிவப்புக் கோடுகளைக் காணவில்லையே?

பிரான்சின் மற்ற இடங்களில் நெடும்பாதைகளுக்கு வெள்ளை சிவப்புக் கோடு. வோஜில் அது இல்லை. 1872இல் சாவேர்னில் தொடங்கிய க்ளப் வோஜியேன் என்ற சங்கம் தன் குறிகளை வைத்திருக்கிறது: செவ்வகம், சாய்சதுரம், முக்கோணம், வட்டம், வளையம் என்று வடிவங்கள், அவற்றுக்கு வெவ்வேறு நிறங்கள். சிவப்புச் செவ்வகம் கண்டால் அதுதான் வடக்கு தெற்காகப் போகும் பெரும்பாதை. கிளம்பும் இடத்தில் உங்கள் வடிவத்தையும் நிறத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், அடுத்தடுத்த மரத்தில் அது வந்துகொண்டே இருக்கும். இந்தக் குறிகளை வரைவதும் புதுப்பிப்பதும் தன்னார்வலர்கள். விடுமுறை நாளில் பெயிண்ட் டப்பாவோடு காட்டில் அவர்களைப் பார்த்தால் நின்று ஒரு வணக்கம் சொல்லுங்கள்.

கைப்பேசி வரைபடத்தை மட்டும் நம்ப வேண்டாம். கிழக்குப் பள்ளங்களில் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு. 25,000க்கு 1 அளவில் தாள் வரைபடம் ஒன்று பையில் இருக்கட்டும்.

வடக்குப் பக்கம் ஏதாவது உண்டா?

நிறைய. உயரம் குறைவு, பாறையின் நிறமே வேறு. தெற்கே கருங்கல், வடக்கே இளஞ்சிவப்பு மணற்கல்; ஸ்ட்ராஸ்பூர் பேராலயம் அந்த மணற்கல்லில் கட்டியதுதான்.

தொனோன், 1,009 மீட்டர். ரோமர் காலத்தில் மெர்குரி தெய்வத்துக்கான வழிபாட்டிடம். இப்போது உச்சியில் நிற்கும் தூண்கள் கொண்ட சிறு கோயில் பழையதல்ல, அங்கே கிடைத்த சிற்பங்களை வைக்க 1869இல் கட்டியது. ஆனால் மாலை வெளிச்சத்தில் அந்தச் சிவப்புத் தூண்களுக்கு நடுவே மலை மலையாகக் காடு தெரிவதைப் பார்த்தால் வருடம் எதுவாக இருந்தால் என்ன என்றுதான் தோன்றும். கணவாயிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிடலாம்.

மோன் சேன்த் ஓடீல், 763 மீட்டர். அல்சாஸின் காவல் புனிதையான ஓடீலின் மடம். பிறவியிலேயே பார்வையில்லாதவர், ஞானஸ்நானத்தின்போது பார்வை பெற்றார் என்பது கதை. மடத்துக்குக் கீழே ஓர் ஊற்று; அதன் தண்ணீரைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள இன்றும் மக்கள் இறங்கிப் போகிறார்கள். மலையைச் சுற்றிக் காட்டுக்குள் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது ஒரு பெரும் கற்சுவர். கல்லையும் கல்லையும் சேர்க்க இரு முனையும் அகன்ற ஓக் கட்டைகளைப் பொருத்தியிருந்தார்கள். கல்லில் அந்தக் குழிகள் இன்னும் தெரியும், விரலை விட்டுப் பார்க்கலாம். கிடைத்த கட்டைகளின் வளையங்களை ஆராய்ந்ததில் அவை 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. மடத்து மாடியில் நின்று சமவெளியைப் பார்ப்பதோடு திரும்பிவிடாதீர்கள், சுவரோடு இரண்டு மணி நேரமாவது நடங்கள்.

பலோன் தல்சாஸ்?

தொடரின் தெற்குக் கோடி, 1,247 மீட்டர். டூர் த ஃப்ரான்ஸ் சைக்கிள் பந்தயம் 1905இல் இந்த மலையில் ஏறியது. முதலில் உச்சி தொட்டவர் ரெனே போத்தியே. சைக்கிள் ஓட்டுபவர்கள் தவறவிடமாட்டார்கள்.

வயதான பெற்றோரும் குழந்தைகளும் வருகிறார்கள். எங்கே கூட்டிப்போவது?

ஷ்லுக்த்துக்கும் ஜெரார்மேக்கும் நடுவே சாலையோரம் ‘ரோஷ் து தியாப்ல்’, சாத்தான் பாறை. சில நிமிட நடையில் காட்டுக்கு நடுவே ரெத்தூர்னமே, லோன்ஜமே என்ற இரண்டு ஏரிகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும். கொஞ்சம் நடக்க முடிந்தவர்களுக்குக் கல்வேர் கணவாயிலிருந்து காஸோன் து ஃபேன் வரை முகட்டுப் பாதை. அதிக ஏற்றமில்லாத நடை. பழைய சதுப்புநிலப் புல்வெளி, 1988இலிருந்து பாதுகாக்கப்பட்ட பகுதி. பாதையை விட்டு இறங்கக் கூடாது. ஒரு காலடித் தடம் அந்தக் கரிச்சேற்றில் வருடக்கணக்கில் மறையாது. ஓரத்துக்கு வந்தால் கீழே ஃபோர்லே ஏரி.

மலையில் சாப்பாடு கிடைக்குமா? சைவம்?

மாடு வளர்க்கும் பண்ணைகளே உணவகமும் நடத்துகின்றன. ‘ஃபெர்ம் ஓபெர்ஜ்’ என்பார்கள். மேய்ப்பர்களுக்கு மார்க்கேர் என்று பெயர், பால் கறப்பவர் என்ற அல்சாஸ் சொல்லிலிருந்து வந்தது. மே கடைசியில் மாடுகளோடு மேலே வந்து, மன்ஸ்டர் பாலாடைக்கட்டி செய்து, அக்டோபர் தொடக்கத்தில் இறங்குவார்கள். கருப்பு உடல், முதுகு நெடுக வெள்ளைப் பட்டை கொண்ட மாடுகள்தான் இந்த மலையின் சொந்த இனம்.

முழு மார்க்கேர் சாப்பாடு என்றால் இறைச்சி அடை, பன்றிக் கொழுப்பும் வெங்காயமும் போட்டு மணிக்கணக்கில் வேகவைத்த உருளைக்கிழங்கு, புகையூட்டிய பன்றி இறைச்சி, மன்ஸ்டர், கடைசியில் கிர்ஷ் மதுவும் சர்க்கரையும் ஊற்றிய புதுப் பாலாடைக்கட்டி. சைவர்களுக்கு உருளைக்கிழங்கிலும் கொழுப்பு கலந்திருக்கும், கேட்டுவிட்டே சாப்பிடுங்கள். மன்ஸ்டரை அவித்த உருளைக்கிழங்கோடும் சீரகம் போன்ற கேரவே விதையோடும் தருவார்கள். வாசனை பலமானது, ருசி அவ்வளவு முரடு அல்ல. அப்புறம் புளூபெர்ரி டார்ட், அதற்காகவே ஏறலாம். ஞாயிறு மதியத்துக்கு முன்பதிவு செய்யுங்கள்.

அந்தப் புளூபெர்ரியை நாமே பறிக்கலாமா?

ஜூலை, ஆகஸ்டில் முகடெல்லாம் காய்த்துக் கிடக்கும். இயற்கைக் காப்பகங்களில் பறிக்கக் கூடாது. மற்ற இடங்களில் அளவும் சீப்புக் கருவியும் குறித்து ஊருக்கு ஊர் விதி உண்டு. பறித்ததை அப்படியே வாயில் போடாதீர்கள். நரி எச்சம் வழியாக ஒரு நாடாப்புழு முட்டை தரையோரப் பழங்களில் ஒட்டலாம், கல்லீரலைப் பாதிக்கும் நோய் அது. வேகவைத்தால் கவலையில்லை, ஜாமோ டார்ட்டோ செய்துகொள்ளலாம்.

வேறு எதற்குப் பயப்பட வேண்டும்?

உண்ணிக்கு. உண்ணி கடித்து வரும் லைம் நோய் பிரான்சில் அதிகமாக இருக்கும் பகுதிகளில் அல்சாஸும் ஒன்று. நீளக் காற்சட்டை போடுங்கள், அன்று இரவே முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, காதின் பின்புறம் எல்லாம் பாருங்கள். மருந்துக்கடையில் சின்னக் கொக்கி விற்கும், அதால் திருகி எடுங்கள். எண்ணெய் ஊற்றாதீர்கள். பிறகு சில வாரங்களுக்குள் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் விரிந்தால் மருத்துவரிடம் போங்கள்.

இடி முழங்கினால் மொட்டை முகட்டை விட்டு இறங்கிவிடுங்கள். இலையுதிர் காலத்தில் வேட்டை நடக்கும் பலகை வைத்திருந்தால் அந்தப் பாதையில் போகாதீர்கள். அவசரத்துக்கு 112.

விலங்குகள் தெரியுமா? சூரியோதயத்துக்கு எங்கே நிற்பது?

இரண்டு கேள்விக்கும் ஒரே பதில், ஹோனெக். 1956இல் கருங்காட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட ஷாமுவா என்ற மலையாடுகள் இப்போது கிழக்குப் பாறைகளில் பெருகியிருக்கின்றன. காட்டுக்குள் வாழும் பெரிய கறுப்புப் பறவையான கிரான் தெத்ரா மட்டும் ஏறக்குறைய அழிந்துவிட்டது. 2024இல் நார்வேயிலிருந்து சில பறவைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அதைத் தேடிப் போகாதீர்கள். குளிர்காலத்திலும் வசந்தத்திலும் பாதையை விட்டு விலகாமல் நடப்பதுதான் அதற்கு நாம் செய்யக்கூடிய உதவி.

ஜூன் மாதத்தில் ஐந்து மணிக்கு முன்பே உச்சியில் இருங்கள். கம்பளிச் சட்டை வேண்டும், ஜூனாக இருந்தாலும். கருங்காட்டுக்கு மேலே முதல் வெளிச்சம் வரும்போது கிழக்கு ஓரத்தில் பேசாமல் உட்காருங்கள். புல்லில் நீங்கள் கல் என்று நினைத்தவை தலையைத் தூக்கும். வளைந்த சின்னக் கொம்புகள், கன்னத்தில் கறுப்புப் பட்டை. போன வருடம் ஒரு தாய் ஆடு குட்டியோடு முப்பது அடி தூரத்துக்கு வந்தது, என்னைப் பார்த்துவிட்டு மூக்கால் ஒருமுறை சீறியது, அப்புறம் குட்டியை முன்னே விட்டுச் செங்குத்துப் பாறையில் நடந்து இறங்கிப் போனது.